படுத்தால்தான் வலிக்குது என்றால் யார் நம்புவார்கள்?

சிசேரியன் ஆன பெண் இடுப்பு வலிக்குது என்று சொன்னால் நம்மூரில் அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. "முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதான்" என்று முடித்துவிடுவார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர், பூக்கார அக்கா, என்னோடு வேலை பார்க்கும் சயின்ஸ் டீச்சர், ஏன், ஒரு நர்ஸம்மாகூட இதையேதான் சொன்னார். எனக்கு வலி ஆரம்பித்தது பி.எட். படிக்கும்போது. கல்யாணமே ஆகவில்லை, அப்புறம் எங்கே குழந்தை, எங்கே ஊசி? இதைச் சொன்னால், "அப்ப லேசா இருந்திருக்கும், ஊசி போட்டதும் அதிகமாயிருக்கும்" என்பார்கள். ஊசியை மட்டும் விட்டுத்தர மாட்டார்கள். (ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம், ஆனால் வருஷக்கணக்கில் நீடிக்கும் முதுகு வலிக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை என்று பிற்பாடு ஒரு மயக்க மருந்து டாக்டரே சொன்னார். அதை வைத்துக்கொண்டு யாரையும் மாற்ற முடியாது, நான் முயற்சியையே விட்டுவிட்டேன்.)

எனக்கு இருப்பது ஆக்ஸியல் ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ். எக்ஸ்ரேயில் தெரியும் அளவுக்கு முற்றினால் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்பார்கள், அந்தப் பெயரைத்தான் கொஞ்சம் பேராவது கேள்விப்பட்டிருப்பீர்கள். முதுகெலும்பு கீழே இடுப்பெலும்போடு சேருகிற இடத்தில் பக்கத்துக்கு ஒரு மூட்டு இருக்கிறது, சேக்ரோஇலியாக் மூட்டு. உடம்பின் எதிர்ப்பு சக்தி, கிருமியைத் தாக்குவதை விட்டுவிட்டு, அந்த மூட்டையே தாக்க ஆரம்பித்துவிடுகிறது. உள்ளே அழற்சி, அதனால் வலி. சிலருக்கு வருஷங்கள் போகப் போக முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகியும் போகலாம். உலகம் முழுக்கவே அறிகுறி ஆரம்பித்ததிலிருந்து நோயைக் கண்டுபிடிக்க சராசரியாக 6, 7 வருஷம் ஆகிவிடுகிறது, பெண்களுக்கு அதற்கும் மேலே. ரொம்ப காலமாக இதை ஆம்பளைங்க நோய் என்றே பாடப்புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள், பத்து ஆணுக்கு ஒரு பெண் என்ற கணக்கெல்லாம் இருந்தது. எம்.ஆர்.ஐ. வந்து, எக்ஸ்ரேயில் தெரியாத ஆரம்பக் கட்டத்தையும் சேர்த்து எண்ண ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கட்டத்தில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழ சரிபாதி என்று தெரிந்தது.

இந்த நோயில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஓய்வெடுத்தால் வலி கூடும், நடமாடினால் குறையும். நம் ஊரில் வலிக்கு இருக்கும் இலக்கணத்துக்கு இது நேர் எதிர். வேலை செய்தால் வலிக்க வேண்டும், படுத்தால் சரியாக வேண்டும், அதுதானே நியாயமான வலி? படுத்தால் வலிக்குது, வேலை செஞ்சா சரியாயிருது என்று ஒரு மருமகள் சொன்னால் கேட்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

காலையில் கண் விழிக்கும்போது இடுப்பு, ராத்திரி முழுக்க மழையில் ஊறிய மரக்கதவு மாதிரி இருக்கும். நேராக எழுந்திருக்கிற பேச்சே இல்லை. முதலில் ஒருக்களித்துப் படுக்கணும், முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கணும், அப்புறம் இரண்டு காலையும் சேர்த்தே கட்டிலுக்கு வெளியே விட்டு, ஒரு கையை மெத்தையில் ஊன்றி இன்னொரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து உட்காரவைக்கணும். அந்த நேரத்தில் தும்மல் வந்துவிடக் கூடாது. வந்தால் பின்பக்கம் ஆணி அடித்த மாதிரி ஒரு குத்து, கண்ணில் தண்ணி வந்துவிடும். அங்கிருந்து பாத்ரூம் வரை சுவரைத் தடவித் தடவிப் போவேன். இதெல்லாம் அஞ்சரை மணிக்கு. ஏழு மணிக்கு வெந்நீரில் குளித்து, இட்லி ஊற்றி, சட்னி அரைத்து முடிப்பதற்குள் பாதி இறுக்கம் போயிருக்கும். எட்டே முக்காலுக்கு ஸ்கூல் பிரேயரில் நிற்கும்போது என்னைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. பகல் முழுக்க நின்று கணக்கு எடுப்பேன், மாடி ஏறி இறங்குவேன். ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு மறுபடி வலி எழுப்பிவிடும், திரும்பிப் படுக்கவும் முடியாது, படுத்திருக்கவும் முடியாது, எழுந்து ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தால்தான் தணியும்.

ஆக, என் வலியை யாரும் பார்த்ததே இல்லை. அது வருகிற நேரத்தில் எல்லோரும் தூங்குகிறார்கள். எல்லோரும் விழித்திருக்கிற நேரத்தில் நான் ஓடியாடி வேலை செய்துகொண்டிருக்கிறேன்.

கல்யாணமான புதிதில் வாசல் கோலம் என் வேலை. விடிகாலையில் குனிந்து தண்ணி தெளித்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து புள்ளி வைக்கணும். புள்ளி வைப்பதுகூடப் பரவாயில்லை, வைத்துவிட்டு எழுந்திருப்பதுதான். நான் கோலப்பொடி டப்பாவைத் தரையில் ஊன்றி, கேட்டைப் பிடித்து எழுவதை அத்தை ஒருநாள் பார்த்துவிட்டு, "இந்த வயசுல நாங்க ஆறு மாசப் புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு களை எடுத்தோம்" என்றார். அவர் கெட்டவர் கிடையாது. நிஜமாகவே எடுத்திருப்பார். அன்றைக்கே சாயங்காலம் நான் வீடு கழுவி, மாவரைத்து, துணி காயப்போட்டு எடுத்ததையும் அவர்தான் பார்த்தார். காலையில் முடியாதவளுக்கு சாயங்காலம் மட்டும் எப்படி முடிகிறது என்று அவர் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சோம்பேறித்தனம் என்ற முடிவுக்குத்தான் யாரும் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். எல்லோரும் "இன்னிக்காவது ரெஸ்ட் எடு" என்பார்கள். எடுப்பேன். திங்கட்கிழமை காலையில் நடக்கவே முடியாது. "நேத்து ஃபுல்லா படுத்துத்தானே இருந்தே?" என்று வீட்டுக்காரர் கேட்பார். ஆமாங்க, அதனாலதான் என்றால் கோபம் வரும் அவருக்கு.

வைத்தியம் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உளுந்தங்களி சாப்பிட்டேன், இடுப்பெலும்புக்கு பலமாம். பூண்டுக் குழம்பு, சுக்குக் கஷாயம், வாயு என்று சொல்லிப் பெருங்காயம். நாங்கள் நாமக்கல் பக்கம், கொல்லிமலைக்குப் போகிறவர்கள் எல்லாம் எனக்காகவே முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி வருவார்கள், ஆட்டுக்கால் மாதிரி மேலே ரோமத்தோடு இருக்கும், அதைச் சுரண்டி மிளகு தட்டிப் போட்டு சூப் வைத்தால் ருசி என்னவோ பிரமாதம்தான். சுளுக்கு எடுக்கிற பெரியவர் ஒருவர் நல்லெண்ணெய் போட்டு நீவிவிட்டார். அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் தூங்கினேன், மறுநாள் பழைய குருடி. மெத்தையை எடுத்துவிட்டுத் தரையில் படுக்கச் சொன்னார்கள், படுத்தேன், எழுந்திருக்க ஜன்னல் கம்பியும் எட்டாமல் போனதுதான் மிச்சம்.

எலும்பு டாக்டரிடம் போனால் எக்ஸ்ரே எடுத்தார், "ஒண்ணுமில்லையே, லேசா தேய்மானம்" என்றார். இருபதுகளில் என்ன தேய்மானம் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கால்சியம், பெல்ட், எடையைக் குறைங்க. இன்னொருவர் முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார், அதில் ஜவ்வு கொஞ்சம் பிதுங்கியிருக்கு என்று வந்தது. அப்பாடா, ஒன்று கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. பெட் ரெஸ்ட் எழுதிக் கொடுத்தார். என் நோய்க்கு அதைவிட மோசமான மருந்து கிடையாது. ஜவ்வு பிதுங்கல் பற்றி இப்போது தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்: வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ.யில் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது, 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு அந்தப் பிதுங்கல் இருக்கிறது, 80 வயதில் 84 சதவீதம். நரைமுடி கணக்காக அது பாட்டுக்கு இருக்கும். அது இருப்பதாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்று ஆகிவிடாது. இன்னொன்று, சாதாரணமாக எடுக்கும் முதுகு எம்.ஆர்.ஐ.யில் சேக்ரோஇலியாக் மூட்டு சரியாக விழாது, அதைத் தனியாகக் கேட்டு எடுக்கணும். என் பிரச்சினை படத்தின் விளிம்புக்கு வெளியே உட்கார்ந்திருந்தது.

இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் நார்மல். இந்த நோய் உள்ளவர்களில் கணிசமான பேருக்கு அவை நார்மலாகவே இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது, அந்த டாக்டருக்கும் நினைவுக்கு வந்த மாதிரி தெரியவில்லை. ரிப்போர்ட்டை மடித்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரரைப் பார்த்து, "வீட்ல ஏதாவது பிரச்சினையா? மனசு சரியில்லன்னாலும் இப்படி வரும்" என்றார். என்னிடம் கேட்கவில்லை, அவரிடம் கேட்டார். மனசும் உடம்பும் வேறல்ல, தூக்கம் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் மனசு கெடத்தான் செய்யும், அதற்கு மாத்திரை தேவைப்பட்டால் போடுவதில் எனக்கு வெட்கமும் இல்லை. ஆனால் வலி எந்த நேரத்தில் வருகிறது என்றுகூடக் கேட்காமல் மனசுக்குத் தாவுவது எந்த ஊர் வைத்தியம்?

டாக்டர்களை மட்டும் திட்டவும் மனசு வரவில்லை. பல நாடுகளில் டாக்டர்கள் ஒரு நோயாளியோடு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று 2017இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. ஸ்வீடனில் 22.5 நிமிஷம், பங்களாதேஷில் 48 வினாடி. இந்தியாவுக்கு ஏறக்குறைய 2 நிமிஷம். டோக்கன் நம்பர் அறுபதைத் தாண்டி உள்ளே போகிறவளுக்கு அந்த இரண்டு நிமிஷத்தில் "எங்க வலிக்குது?" என்ற கேள்விதான் வரும். எப்போ வலிக்குது என்பதுதான் என் நோய்க்கான கேள்வி. அதற்கு நேரமில்லை.

எங்கே என்ற கேள்விக்கும் நான் சரியான பதில் சொல்லியிருக்க முடியாது. உண்மையில் வலி இடுப்பில் இல்லை, அதற்கும் கீழே, பிட்டத்தின் உள்ளே. ஒரு வாரம் இடது பக்கம், அடுத்த வாரம் வலது பக்கம். ஆண் டாக்டர், பக்கத்தில் மாமனார், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த டோக்கன்காரர். அந்த இடத்தில் எந்தப் பெண் அதைச் சொல்வாள்? எல்லோரும் இடுப்பு என்றுதான் சொல்வோம், கையையும் இடுப்பில்தான் வைப்போம். இப்படி இரண்டு பக்கமும் மாறி மாறி வருவது இந்த நோயின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று என்று பிற்பாடு தெரிந்தபோது, எத்தனை பெண்களின் வியாதி இந்தக் கூச்சத்திலேயே கிடக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் வழிகாட்டியது கண். ஒருநாள் காலையில் வலது கண் சிவந்துபோயிருந்தது. ஸ்டாஃப் ரூமில் ஒருத்தரும் பக்கத்தில் வரவில்லை, மெட்ராஸ் ஐ என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன். குறையவில்லை. மெட்ராஸ் ஐ என்றால் பீளை தள்ளும், கண் ஒட்டிக்கொள்ளும், உறுத்தும், பெரும்பாலும் அடுத்த கண்ணுக்கும் பரவும். எனக்குப் பீளையே இல்லை. கண்ணுக்குள்ளே ஆழமாக வலி, டியூப் லைட்டைப் பார்க்க முடியவில்லை, கரும்பலகையில் எழுதியது மங்கலாகத் தெரிந்தது. கண் டாக்டரம்மா மைக்ராஸ்கோப் மாதிரியான அந்தக் கருவியில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது மெட்ராஸ் ஐ இல்ல, யுவியைட்டிஸ், கண்ணுக்குள்ள அழற்சி" என்றார். விட்டால் கண்மணி உள்ளே லென்ஸோடு ஒட்டிக்கொள்ளுமாம். ஸ்டீராய்டு சொட்டும் கண்மணியை விரிக்கும் சொட்டும் எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், போகிற போக்கில் கேட்கிற மாதிரி கேட்டார்: "காலைல எழுந்திருக்கும்போது முதுகு, இடுப்பு இறுகிப்போய் இருக்குமா? நடந்தா சரியாகுமா?"

எனக்குப் பதில் சொல்லவே கொஞ்ச நேரம் ஆனது. கண்ணுக்கு வந்தவளிடம் முதுகைக் கேட்கிறாரே என்பதைவிட, நான் இத்தனை வருஷமாகச் சொல்லி யாரும் நம்பாத ஒன்றை அவரே சொல்கிறாரே என்றுதான். இப்படித் திடீரென்று முன்பக்க யுவியைட்டிஸோடு வருகிறவர்களில், வேறு காரணம் எதுவும் தெரியாதவர்களை டப்ளினில் சோதித்துப் பார்த்து 2015இல் எழுதியிருக்கிறார்கள், சுமார் 40 சதவீதம் பேருக்கு இதுவரை கண்டுபிடிக்கப்படாத இந்த வகை வாத நோய் இருந்திருக்கிறது. அந்த டாக்டரம்மா ரூமட்டாலஜிஸ்ட்டை, அதாவது மூட்டு வாத நோய் டாக்டரைப் பாருங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். எலும்பு டாக்டர் தெரியும், நரம்பு டாக்டர் தெரியும், இப்படி ஒருவர் இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

ரூமட்டாலஜிஸ்ட் பெண் டாக்டர். முதலில் வீட்டுக்காரரை வெளியே உட்காரச் சொன்னார், அதிலேயே பாதி வேலை முடிந்தது. வலி எந்த வயசில் ஆரம்பித்தது, திடீரென்றா மெதுவாகவா, காலை இறுக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கும், பாதி ராத்திரியில் எழுப்புமா, எழுப்பினால் நடந்தால் தேவலையாகுமா, குதிகால் வலி உண்டா, சோரியாசிஸ் உண்டா, அடிக்கடி வயிற்றுப்போக்கு உண்டா, வலி மாத்திரை போட்டால் கேட்குமா? கடைசிக் கேள்விக்கு நான் சிரித்துவிட்டேன். ஒருமுறை பல் வலிக்கு டைக்ளோபினாக் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் ஜன்னல் கம்பியைப் பிடிக்காமல் எழுந்து நின்றதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். கிட்னி போயிரும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்களே, அதனால் அப்புறம் அதைத் தொடவில்லை.

அப்புறம் எழுந்து நிற்கச் சொல்லி, இடுப்புக்குக் கீழே குழி விழுகிற இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டார். டெய்லர் டேப்பை வைத்து அதற்கு 10 சென்டிமீட்டர் மேலே இன்னொரு கோடு. முழங்காலை மடக்காமல் எவ்வளவு முடியுமோ குனியச் சொன்னார். குனியும்போது நல்ல முதுகாக இருந்தால் எலும்புகளுக்கு நடுவே விரிந்து அந்த 10 சென்டிமீட்டர் குறைந்தது 15 ஆகணும். எனக்கு 13 கூட வரவில்லை. டேப்பை என் கண்ணுக்கு முன்னால் நீட்டி, கட்டைவிரல் நகத்தால் இடத்தைக் காட்டினார். இவ்வளவு நாளாக எனக்கு மட்டுமே தெரிந்திருந்த ஒன்று ஒரு டெய்லர் டேப்பில் தெரிந்தது. அதற்கு ஸ்கேனும் வேண்டியிருக்கவில்லை, கரண்டும் வேண்டியிருக்கவில்லை.

சேக்ரோஇலியாக் மூட்டுக்குத் தனியாக எம்.ஆர்.ஐ. எடுத்தோம், இரண்டு பக்கமும் மூட்டை ஒட்டிய எலும்பு மஜ்ஜையில் நீர்க்கோர்வை, அழற்சிதான். எச்.எல்.ஏ. பி27 என்று ஒரு மரபணுப் பரிசோதனையும் பாசிட்டிவ். இந்த மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1973இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு லேபுக்கு ஓடாதீர்கள். அந்த மரபணு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை, நோய் உள்ள சிலருக்கு அந்த மரபணு இல்லாமலும் இருக்கும். நம்மூர் லேப்களில் பேக்கேஜ் போட்டு விற்கிற பரிசோதனை இல்லை அது, டாக்டர் கேட்டால் எடுக்க வேண்டியது.

வீட்டுக்காரருக்குப் பாதிதான் புரிந்தது. அவருக்குக் கிரிக்கெட் பைத்தியம் என்பதால் மைக் அத்தர்ட்டனுக்கும் இதே நோய்தான் என்று சொன்னேன். இங்கிலாந்து கேப்டன், 1995 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் தென்னாப்பிரிக்காவின் டொனால்டும் போலக்கும் போட்ட பந்துகளைச் சமாளித்து 643 நிமிஷம் நின்று 185 நாட் அவுட். "அவருக்கா? பத்தரை மணி நேரம் நின்னாரேடி" என்றார். நிற்பதில் பிரச்சினை இல்லைங்க, அவர் மறுநாள் காலையில் எப்படி எழுந்தார் என்று கேளுங்கள் என்றேன். அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக நெட்டில் தேடிப் படித்தார். ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

இதுவரைக்கும் உள்ளதை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத உட்கார்ந்தது இதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்லத்தான்.

வலிக்குப் பெயர் இல்லாதவரை, "ஒண்ணுமில்ல" என்றார்கள். பெயர் கிடைத்ததும், "வெளிய சொல்லாத" என்கிறார்கள். மரபணு என்ற சொல் வீட்டுக்குள் வந்ததுதான் தாமதம், அத்தையின் பேச்சு மாறிவிட்டது. என் மேல் இப்போது உண்மையாகவே கரிசனம், கோலம் அவரே போடுகிறார், காலையில் வெந்நீர் வைத்துத் தருகிறார். ஆனால் சொந்தக்காரர்கள் வந்தால், "அவளுக்கு முதுகுல ஊசி போட்டதுல இருந்து இடுப்பு வலி" என்கிறார்! எந்த ஊசியை இத்தனை வருஷம் மறுத்தேனோ அதே ஊசி. பரம்பரை என்று தெரிந்தால் நாளைக்குப் பாப்பாவுக்கு மாப்பிள்ளை தேடும்போது பேச்சு வருமாம். பாப்பா இப்போதுதான் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

பிறந்த வீட்டில் இதைவிட. எங்கள் அம்மாவின் அப்பா, தாத்தா, கூன் போட்டு நடப்பார். கழுத்தைத் திருப்ப மாட்டார், யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவார், சைக்கிளில் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க சைக்கிளையே நிறுத்தி இறங்குவார். மூட்டை தூக்கித் தூக்கி அப்படி ஆயிருச்சு என்று ஊரே சொன்னது. டாக்டரிடம் இதைச் சொன்னபோது, "பார்க்காம எதுவும் சொல்ல முடியாது, ஆனா இருக்கலாம்" என்றார். அம்மாவிடம் சொன்னேன். "எங்கப்பாவுக்கு ஒரு நோயும் இல்ல, உழைச்ச உடம்பு" என்று போனை வைத்துவிட்டார். சரி, அதில் ஒரு மரியாதை இருக்கிறது, எனக்குப் புரிகிறது.

இப்போது எப்படி இருக்கிறேன் என்றால், தேவலை. டாக்டர் கணக்குப் பண்ணிக் கொடுக்கும் வலி மாத்திரை, அது வெறும் வலியை மறைக்க மட்டுமில்லை, இந்த நோய்க்கு அழற்சியைக் குறைக்கும் முதல் மருந்தே அதுதான். கிட்னிக்கும் வயிற்றுக்கும் ஆபத்து இல்லையென்று சொல்ல மாட்டேன், அதனால்தான் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடாமல் அவ்வப்போது கிரியேட்டினின் (கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்த்துப் போடணும். தினமும் உடற்பயிற்சி, இது மாத்திரைக்குச் சமம். கேட்கவில்லை என்றால் எதிர்ப்பு சக்தியின் இந்தத் தாக்குதலை அடக்கும் அடலிமுமாப் மாதிரி பயாலஜிக் ஊசிகள் இருக்கின்றன. 2014 கடைசியில் இந்தியக் கம்பெனி ஒன்றே அதற்கு மாற்று வடிவத்தைக் கொண்டுவந்து விலை இறங்கியது, ஆனாலும் தனியார் பள்ளி டீச்சர் சம்பளத்துக்கு அது எட்டாக்கனி. நம் நாட்டில் காசநோய் அதிகம் என்பதால் அந்த ஊசிக்கு முன்னால் அது உடம்பில் ஒளிந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை. செலவுக்குப் பயந்து இருக்கிறவர்களுக்கு: சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்று தனித் துறை இருக்கிறது, புதுச்சேரி ஜிப்மரிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இருக்கிறது.

போவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எங்கே என்பதைவிட எப்போ என்பதை எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுப்பியது, எழுந்த பிறகு இறுக்கம் விட எவ்வளவு நேரம் ஆனது, படுத்தால் என்ன, நடந்தால் என்ன. வாயால் சொல்லக் கூச்சமான இடத்தையும் தாளில் எழுதிவிடலாம். 45 வயதுக்கு முன்னால் ஆரம்பித்து மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகு வலி, ஓய்வில் கூடி நடந்தால் குறைகிறது என்றால், எலும்பு டாக்டர் நார்மல் என்று சொன்னாலும் ஒரு ரூமட்டாலஜிஸ்ட்டைப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

என் தம்பிக்குச் சில மாதமாகக் காலையில் குதிகால் வலி. கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது முகத்தைச் சுளிப்பதைப் பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன். மெத்தென்று இருக்கும் எம்.சி.ஆர். செருப்பு வாங்கிப் போட்டிருக்கிறான், அதுவே போதும் என்கிறான். குதிகால் வலி வருகிற எல்லோருக்கும் இந்த நோய் கிடையாது, எனக்கும் தெரியும், ஆனால் அவனுக்கு நான் அக்கா, தாத்தாவுக்கு அவன் பேரன். அம்மா சொல்வது வேறு: "பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம், இப்பப் போய் டாக்டரு, டெஸ்ட்டுன்னு கிளப்பாத, கல்யாணம் முடியட்டும்." வரப்போகிற பெண்ணுக்கும் இது தெரிய வேண்டாமா என்று கேட்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வருகிற சனிக்கிழமைக்கு என் டாக்டரிடமே அவனுக்கு டோக்கன் போட்டிருக்கிறேன். அம்மாவிடம் சேலத்துக்கு வேலை விஷயமாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். பஸ் ஸ்டாண்டில் போய் நிற்கப் போகிறேன், வருகிறானா பார்க்கலாம்.